கோதுமைக்கு அப்புறம் அரிசி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்கு வந்து தையல்நாயகி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் நாலு திசையைக் காட்டுவார்கள். அந்தத் தெருக்களில் தையல்நாயகிகளுக்குப் பஞ்சமில்லை. ‘சத்துமாவு மிஷின்காரம்மா’ என்று கேட்டுப் பாருங்கள். பால்குடி மறந்த குழந்தைகூடக் கையை நீட்டி வழி சொல்லும். அந்தக் குழந்தையும் அவள் அரைத்த மாவைக் குடித்து வளர்ந்ததாகத்தான் இருக்கும்.

அவளுடைய அப்பா வைத்துவிட்டுப் போன மிஷின் அது. தகரக் கூரை போட்ட நீளமான அறையில் இரண்டு இயந்திரங்கள். ஒன்று மிளகாய், மல்லி, மஞ்சளுக்கு. இன்னொன்று அரிசி, கோதுமை, கேழ்வரகு, பயறு எல்லாவற்றுக்கும். மிளகாய்ப் பக்கத்து முறத்தைக்கூட அவள் இந்தப் பக்கம் கொண்டுவர விடமாட்டாள்.

“குழந்தைங்க வாயில போற மாவு. ஒரு பொட்டு காரம் பட்டாலும் பாவம் எனக்குத்தான்” என்பாள்.

இருபது வருஷத்தில் ஒரு தாய்கூட வந்து மாவில் காரம் என்று சொன்னதில்லை. கழுத்தில் மஞ்சள் கயிறு தவிர வேறொன்றும் இல்லாத தையல்நாயகி போட்டுக்கொண்ட ஒரே நகை அந்தப் பெயர்தான்.

சத்துமாவு அவளுடைய கைப்பக்குவம். கோதுமையை முளைகட்டி, நிழலில் உலர்த்தி, கேழ்வரகும் கம்பும் பாசிப்பயறும் பொட்டுக்கடலையும் தனித்தனியாக வறுத்து, ஏலக்காய் தட்டிப்போட்டு அரைப்பாள். தறிக்காரர் வீட்டுப் பெண்கள் பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்த மறுநாளே டப்பாவோடு வந்து நிற்பார்கள். ஏனாத்தூரிலிருந்தும் கூரத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள் உண்டு. கொழுகொழுவென்ற பிள்ளையை இடுப்பில் தூக்கிவந்து, “பாருக்கா, உன் கஞ்சி குடிச்ச புள்ள” என்று காட்டிவிட்டுப் போவார்கள்.

அவளும் பார்ப்பாள். சிரிப்பாள். அவர்கள் திரும்பிப் போன பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். மாவுத் தூசி என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

ஊரார் பிள்ளைகளையெல்லாம் தேற்றிய அந்த மாவு, அவள் பெற்ற மூத்த பிள்ளையை மட்டும் தேற்றவில்லை.

உதயகுமார் என்று பெயர். ஒரு வயது வரை குண்டுமல்லியாக இருந்த பிள்ளை, அதன் பிறகு உருக ஆரம்பித்தான். கையும் காலும் ஊதுவத்தியாக மெலிந்தன. வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. ஓயாத வயிற்றுப்போக்கு. தாயத்து கட்டினார்கள், மந்திரித்தார்கள், தின்றது உள்ளே சிக்கியிருக்கும் என்று தொக்கம் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் இல்லை என்று சொல்லி டானிக் கொடுத்தார்கள். தையல்நாயகி தனக்குத் தெரிந்த மருந்தைச் செய்தாள். இரண்டு வேளைக் கஞ்சியை மூன்று வேளையாக்கினாள். கரண்டி மாவு போட்ட இடத்தில் இரண்டு கரண்டி போட்டுக் கெட்டியாகக் காய்ச்சினாள். பிள்ளை வேண்டாம் என்று தலையை ஆட்டும்போது மடியில் மல்லாத்திப் போட்டு ஊட்டினாள்.

மூன்று வயது முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டான். வேகவதி ஆற்றங்கரையில் அவனைப் புதைத்துவிட்டு வந்தார் அவன் அப்பா பஞ்சாட்சரம். தறி நெய்கிற மனிதர், அதிகம் பேசாதவர். அன்று மாலையே தறியில் போய் உட்கார்ந்தார். ஊர் ஏதேதோ சொல்லிற்று. கண்ணீர் விழுந்தால் பட்டில் கறை படியும் என்று ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு அவர் மறு கையால் நாடாவை ஓட்டியது தையல்நாயகிக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டில் அவனுடைய படம் ஒன்றே ஒன்று இருக்கிறது. கையில் கிண்ணம். மேலுதட்டில் சத்துமாவுக் கஞ்சி மீசை. அபூர்வமாகச் சிரித்த ஒரு நாளில் சித்தப்பா பிள்ளை போனில் எடுத்தது.

நாலு வருஷம் கழித்துப் பிறந்தாள் துர்காதேவி. அவளுக்குச் சோறு ஊட்டும்போது தையல்நாயகி ஒரு வழக்கம் வைத்திருந்தாள். “இது அப்பாவுக்கு ஒரு வாய், இது அம்மாவுக்கு ஒரு வாய், இது அண்ணனுக்கு ஒரு வாய்.” அண்ணன் வாய் வரும்போது துர்கா படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். சாப்பிட அடம்பிடிக்கிற நாளில்கூட அண்ணன் பங்கை மறுத்ததில்லை.

துர்காவுக்கு ஏழு வயது. ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது தையல்நாயகி ஒன்றைக் கவனித்தாள். யு.கே.ஜி.யில் தைத்த பாவாடை இரண்டாம் வகுப்பிலும் அவளுக்குச் சரியாக இருந்தது. ஹூக்கு மட்டும் பூட்டவில்லை, வயிறு தள்ளியிருந்தது.

அந்த வயிற்றை அவளுக்குத் தெரியும். கை வைத்த இடத்தில் கை அப்படியே நின்றுவிட்டது.

குழந்தைகள் டாக்டர் மங்கையர்க்கரசி பொறுமையாகப் பார்த்தார். எடை, உயரம், கண், நாக்கு. பிறகு என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார்.

தையல்நாயகி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள். “காலையில சத்துமாவுக் கஞ்சி, சாயந்தரம் சத்துமாவுக் கஞ்சி. ராத்திரிக்கு சப்பாத்தி. எல்லாம் எங்க மிஷின்ல அரைச்சதுதான் டாக்டர். கடை மாவு கையால தொடமாட்டேன்.”

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். “சத்துமாவுல கோதுமை உண்டா?”

“முளைகட்டின கோதுமை டாக்டர். பாதிக்குப் பாதி.”

டாக்டர் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்துவிட்டு, “ரத்தம் குடுக்கற வரைக்கும் சாப்பாட்டை மாத்தாதீங்க. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. இப்பவே கோதுமையை நிறுத்திட்டா ரத்தத்துல தெரியாமப் போயிடும்” என்றார்.

ரத்தம் எடுத்தவள் எஸ்தர். ஏனாத்தூரிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போகிறவள். அந்த லேபில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் தையல்நாயகியின் மாவில் வளர்ந்தவர்கள்தான். துர்காவின் கையில் நரம்பு கிடைக்காமல் தேடும்போது, “இப்பிடித்தான் உங்க பெரியவனுக்கும் நரம்பே கிடைக்கல அக்கா. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. மூணு வாட்டி குத்திட்டேன்” என்றாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். குனிந்துகொண்டாள்.

காகிதம் வந்தது. அதில் இரண்டு எண்கள். ஒன்றுக்கு எதிரில் இருநூறுக்கு மேல் என்று போட்டிருந்தது. இருபதுக்குள் இருக்க வேண்டியதாம்.

டாக்டர் ஒவ்வொன்றாக விளக்கினார். “இது உடம்புல கோதுமை எவ்வளவு இருக்குன்னு காட்டற எண் இல்லைம்மா. கோதுமையில ஒரு புரதம் இருக்கு. சில குழந்தைங்களுக்கு அது உள்ள போனா, உடம்பு தன் குடலையே எதிரின்னு நினைச்சு அடிக்க ஆரம்பிக்கும். அப்படி அடிக்கிற பொருள் ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு இது சொல்லுது. ரொம்ப அதிகமா இருக்கு. குடல் அடி வாங்கிக்கிட்டே இருந்தா எவ்வளவு ஊட்டினாலும் ஒட்டாது.”

“இந்த இன்னொண்ணு?” என்று கேட்டாள் தையல்நாயகி.

“அந்தப் பொருளை உண்டாக்கற சக்தி உடம்புக்கு இருக்கான்னு பாக்கறது. சில பேருக்கு அது இருக்காது. அப்ப முதல் எண் சின்னதா வந்து நம்மளை ஏமாத்திடும். இவளுக்கு இது சரியா இருக்கு. அதனால முதல் எண்ணை நம்பலாம். சென்னையில குடல்ல சின்னதா சதை எடுத்துப் பாத்து உறுதி பண்ணிக்குவோம்.”

சீலியாக் என்று பெயர் சொன்னார். மருந்து கிடையாது, ஆயுசுக்கும் கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் ஆகாது, அரிசி சாப்பிட்டு நன்றாக இருக்கலாம் என்றார். தையல்நாயகி தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். கடைசியில்தான் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“கூடப் பிறந்தவங்க இருக்காங்களா? அவங்களுக்கும் இந்தப் பரிசோதனை எடுக்கணும். ஒரே வீட்டுல இன்னொரு குழந்தைக்கும் இருக்க வாய்ப்பு உண்டு.”

பஞ்சாட்சரம்தான் பதில் சொன்னார். “ஒருத்தன் இருந்தான் டாக்டர்.”

தையல்நாயகியின் கைகள் மடியில் கிடந்தன. விரல் இடுக்கில் எப்போதும் போகாத வெள்ளை. அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெற்றவர்கள் இரண்டு பேரும் ரத்தம் கொடுத்தார்கள். இருவருக்கும் ஒன்றும் இல்லை என்று வந்தது. எல்லோரும் நல்லதுதானே என்றார்கள். தையல்நாயகிக்கு அதுவும் அழுகையாக வந்தது. தன் ரத்தத்திலும் அந்தக் குறை இருந்திருக்கக் கூடாதா, பிள்ளைகளோடு தானும் சேர்ந்து பட்டதாக இருந்திருக்குமே என்று அந்தப் பேதை மனம் நினைத்தது.

சென்னையில் சதை எடுத்துப் பார்த்ததில் துர்காவுக்கு அதுதான் என்று உறுதியானது. வீட்டில் கோதுமை மணி ஒன்றுகூட இல்லாமல் துடைத்தாள் தையல்நாயகி. பிஸ்கட், பொறை ரொட்டி, சேமியா போயிற்று. கட்டிப் பெருங்காயத்தில் மைதா சேர்க்கிறார்கள் என்று டாக்டர் சொன்னதால் ரசத்துக்குப் பெருங்காயமும் போயிற்று. இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை என்று வீடே அரிசிக்கு மாறியது. பாக்கெட் அரிசிமாவில் என்ன கலந்திருப்பார்களோ என்று பயந்து, நல்ல பச்சரிசி வாங்கித் தன் மிஷினில் தானே அரைத்தாள்.

ஆறு மாதம் கழித்து வைகாசிக் கடைசியில் வந்த காகிதத்தில் எண் நூற்று நாற்பத்தெட்டு.

“இறங்கியிருக்குது அக்கா, ஆனா பத்தாது” என்றாள் எஸ்தர். “கோதுமையை முழுசா நிறுத்தினா மளமளன்னு இறங்கணும். எங்கியோ உள்ள போய்க்கினு இருக்குது.”

“எங்க வீட்டுலயா? சான்ஸே இல்ல.”

“உங்களச் சொல்லல அக்கா. வெளியில யாரனா குடுக்கறாங்களான்னு பாருங்க.”

அந்த வார்த்தையை தையல்நாயகி அப்படியே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். வெளியில் யார்? பஞ்சாட்சரத்தின் தங்கை கலாவதி அடுத்த தெருவில் இருந்தாள். பிள்ளை இல்லாதவள். பள்ளிக்கூடம் விட்டதும் துர்கா நேராக அத்தை வீட்டுக்குத்தான் போவாள். அங்கே விளையாடி, பாடம் எழுதி, இருட்டும்போது வருவாள். கலாவதி டீயில் பொறை தொட்டுச் சாப்பிடாமல் இருக்கமாட்டாள் என்பது தெருவுக்கே தெரியும்.

அன்று சாயந்தரமே போய் நின்றாள்.

“கலா, உண்மையச் சொல்லு. புள்ளைக்கு ஒரு துண்டு குடுத்தியா இல்லியா?”

“சத்தியமா இல்ல அண்ணி. நீ சொன்ன நாள்லேர்ந்து அவ எதிர்ல நான் டீயே குடிக்கறதில்ல.”

“கேட்டா குடுக்காம இருப்பியா நீ? செல்லம் குடுக்கறதுதானே உனக்குத் தெரிஞ்சது.”

“அண்ணி, குழந்தை வயித்துல நான் விஷம் வெப்பனா?”

“பெத்து, பறிகுடுத்துப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

வாயிலிருந்து விழுந்த சொல்லைப் பொறுக்கிக்கொள்ள முடியாது. கலாவதி உள்ளே போய் துர்காவின் நோட்டு, பென்சில் டப்பா, ரிப்பன் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தாள்.

மறுநாளிலிருந்து துர்கா பள்ளிக்கூடம் விட்டு நேராக மிஷினுக்கு வந்தாள். கோதுமை மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். இருட்டும்வரை அங்கேயே எழுதினாள், அங்கேயே படித்தாள், அம்மா கையால் இடியாப்பம் சாப்பிட்டாள். கண்ணெதிரே இருக்கிறாள், இனி எவளும் எதையும் கொடுக்க முடியாது என்று தையல்நாயகிக்கு நிம்மதியாக இருந்தது. மிஷின் ஓடும்போது துர்காவின் இமைகளில் வெள்ளை படியும். “அம்மா, நான் ஆயா ஆயிட்டேன் பாரு” என்று கண்ணைக் கொட்டிக் காட்டுவாள். தாய் சிரித்துக்கொண்டே ஊதிவிடுவாள்.

கார்த்திகையில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். எண் நூற்று எழுபத்தொன்று. ஏறியிருந்தது.

டாக்டர் காகிதத்தை மேஜைமேல் வைத்தார். “ஒளிக்காம சொல்லுங்கம்மா. நான் திட்டமாட்டேன். இந்த எண்ணுக்கு யாரையும் தெரியாது, பொய் சொல்லாது. குழந்தை எங்கயோ கோதுமை சாப்பிடறா.”

“பள்ளிக்கூடம் விட்டா என் கண்ணைத் தாண்டி அவ எங்கயும் போறதில்ல டாக்டர்” என்றாள் தையல்நாயகி. குரல் உடைந்தது.

மனிதர்கள் கைவிட்ட பிறகு போகிற இடம் ஒன்றுதானே. காஞ்சிபுரத்தில் கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைகளில் கச்சபேஸ்வரர் கோயிலில் கடைஞாயிறு. புது மண்சட்டியில் பச்சரிசி மாவும் வெல்லமும் பிசைந்து வைத்து, நடுவில் விளக்கேற்றி, சட்டியைத் தலையில் சுமந்து வலம் வருவார்கள். தலை நோய் தீரும் என்று ஐதீகம். வயிற்று நோய்க்கும் கேட்டால் சாமி கோபித்துக்கொள்ளவா போகிறது என்று தையல்நாயகி வேண்டிக்கொண்டாள். சனிக்கிழமை அரிசியை ஊறவைத்து வடித்து, சாமி காரியம் என்று குளித்து ஈரப் புடவையோடு தானே அரைத்தாள்.

ஞாயிறு விடியலிலிருந்து துர்கா தாயின் கையை விடவில்லை. இருவரும் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. கூட்டத்தில் ஆயிரம் விளக்கு தலைகளின்மேல் அசைந்து போயின. அம்மா பெரிய சட்டி, மகள் சின்னச் சட்டி. மூன்று சுற்று வந்து, மலையேறிய விளக்கை எடுத்துவிட்டு, துர்கா தன் சட்டி மாவு முழுவதையும் ஆசையாகத் தின்றாள். பசி வேறு. “நல்லா தித்திப்பா இருக்குதும்மா” என்றாள்.

வெயில் சாயும் முன்பே வாந்தி ஆரம்பித்தது. வயிறு கல்லாகிவிட்டது. கால்களை மடக்கிக்கொண்டு துர்கா முனகினாள். பஞ்சாட்சரம் தறியை விட்டு எழுந்து வந்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். டாக்டர் ஊசி போட்டுப் பிள்ளை கண்ணயர்ந்த பிறகு பஞ்சாட்சரம் மெதுவாகக் கேட்டார்.

“இன்னிக்கு கலா எங்க வந்தா?”

இன்று கலாவதி இல்லை. பள்ளிக்கூடம் இல்லை. கடை இல்லை. தன் கையால் அரைத்து, தன் கையால் பிசைந்து, தன் கண்ணெதிரே குழந்தை தின்ற மாவைத் தவிர வேறு எதுவும் இல்லை.

“சாமி மாவுங்க அது. வெறும் அரிசி” என்றாள் தையல்நாயகி. யாரிடமோ கெஞ்சுவது போல இருந்தது.

திங்கட்கிழமை காலையில் மிஷினைத் திறந்தாள். திறக்காமல் முடியாது, ஞாயிறு விட்டு வந்தால் கூட்டம் இருக்கும். முதலில் ஒருவருடைய ஐந்து கிலோ கோதுமை ஓடி முடிந்தது. அடுத்தது ஜெயம்மாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் இடியாப்பம் விற்கிறவள், வாய்க்காரி.

“இந்தாடி தையலு, கோதுமைக்கு அப்புறம் என் அரிசியப் போடாத. வேற யாருதனா அரிசியப் போட்டு அரைச்சிட்டு அப்புறம் என்னுது போடு. போன வாட்டி இடியாப்பம் புழிஞ்சா ரப்பராட்டம் இழுத்துக்கினு வருது. வாங்கினவன் என்னை இன்னா சேமியாவா விக்கறன்னு கேக்கறான்.”

இருபது வருஷமாகக் கேட்கிற சண்டை. பதிலும் பழகியதுதான். “ஒரு பிடி அரிசி போட்டுத் தள்ளிட்டுத்தான் அரைக்கிறேன் ஜெயம்மாக்கா.”

“ஒரு பிடியில போயிடுமா? உள்ள கல்லுல, சல்லடையில, இந்தத் துணிப் பையில ஒட்டிக்கினு இருக்காது? என் இடியாப்பத்தைக் கேளு, சொல்லும்.”

தையல்நாயகி ஜெயம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சுவிட்சை அணைத்தாள். மாவு இறங்குகிற வாயில் கட்டியிருந்த துணிக் குழாயை அவிழ்த்து, முறத்தின்மேல் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். பொலபொலவென்று விழுந்தது மாவு. அரிசி மாவின் சுண்ணாம்பு வெள்ளை இல்லை. பழுப்பு. விரலால் தொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்தாள். ஒட்டிக்கொண்டு பசையாக இழுத்தது.

மிளகாய்க்குத் தனி மிஷின் வைத்தவள். ஒரு பொட்டு காரம் பட்டால் பாவம் என்றவள். அரிசிக்கும் கோதுமைக்கும் ஒரே மிஷின்தான் வைத்திருந்தாள். அரிசியில் கொஞ்சம் கோதுமை கலந்தால் யாருக்கு என்ன ஆகும் என்று இந்த ஊரில் எந்த மிஷின்காரியும் நினைத்ததில்லை, அவளும் நினைக்கவில்லை.

ஸ்டூலைப் பார்த்தாள். பக்கத்தில் மூட்டைகள். சுவரில், கூரையில், சிலந்தி வலையில், தன் முழங்கையில், தலைமுடியில், புடவை மடிப்பில் எங்கும் அதே பழுப்பு. கண் முன்னால் வைத்துக் காப்பாற்றுவதாக நினைத்து ஆறு மாதம் அந்தத் தூசியில் உட்காரவைத்திருக்கிறாள். அத்தை வீட்டில் இருந்தவரை இறங்கிய எண், அம்மாவிடம் வந்த பிறகு ஏறியிருக்கிறது.

“இன்னாடி, பேயறஞ்சாப்ல நிக்கற?” என்றாள் ஜெயம்மாள்.

“ஒண்ணுமில்லக்கா. இன்னிக்கு மிஷின் ஓடாது.”

ஷட்டரை இழுத்துவிட்டு நேராக அடுத்த தெருவுக்குப் போனாள். கலாவதி சேலையில் பூ நெய்வதற்கான புட்டாக் கண்டில் ஜரிகை சுற்றிக்கொண்டிருந்தாள். அண்ணியைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“நான்தான் கலா” என்றாள் தையல்நாயகி, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு. “வெளியில யாருமில்ல. நான்தான் குடுத்துக்கினு இருந்தேன்.”

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். கலாவதி ஜரிகை சுற்றி முடித்தாள். பிறகு எழுந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து எதிரில் வைத்தாள். “நீ அன்னிக்கு சொன்னது மறக்காது அண்ணி. அதுக்காக புள்ளைய அங்க உக்காரவெக்காத. சாயந்தரம் இங்க அனுப்பு” என்றாள்.

எஸ்தர் அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது, லேப் வாசலில் தையல்நாயகி நின்றாள். தலைக்குக் குளித்து, துவைத்த புடவை கட்டியிருந்தாள். கையில் நாலாக மடித்துப் பழுத்துப்போன ஒரு காகிதம்.

நடந்ததைச் சொன்னாள். எஸ்தர் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். “நான் வாரா வாரம் மிஷினுக்கு வரேன். அந்தப் புள்ள மாவுல உக்காந்துக்கினு இருக்கறதப் பாத்துக்கினேதான் போறேன். எனக்கே தோணலியே அக்கா” என்றாள்.

“இதப் பாரு எஸ்தரு.” காகிதத்தைப் பிரித்து நீட்டினாள். உதயகுமார், ஆண், வயது இரண்டரை. எஸ்தரின் பழைய கையெழுத்து. “இது உன் லேப்ல எடுத்த ரத்தம்தானே. இதுல அது தெரியுதா பாரு.”

எஸ்தர் வாங்கிப் பார்த்தாள். பார்ப்பதற்கு அதிகம் இல்லை. ஒரே ஒரு வரி.

“இது ஹீமோகுளோபின் மட்டும் அக்கா. ஆறு பாயிண்ட் ஒண்ணு. ரத்தம் கம்மின்னு தெரியும். ஏன் கம்மின்னு இதுல தெரியாது. அதுக்கு நூறு காரணம் இருக்குது.”

“அதுல ஒண்ணு இதுவா?”

“இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம்.”

“மிச்ச ரத்தம்?”

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு விரற்கடை ரத்தம். அன்று சாயந்தரமே எஸ்தர் தன் கையால்தான் கொட்டிக் கழுவியிருப்பாள். “அதெல்லாம் வெச்சிருக்க மாட்டோம் அக்கா” என்றாள்.

தையல்நாயகி காகிதத்தைத் திரும்ப வாங்கி அதே மடிப்பில் மடித்தாள். “தெரிஞ்சா நல்லாருக்கும். ஆமான்னு தெரிஞ்சாலும் சரி, இல்லன்னு தெரிஞ்சாலும் சரி. மடியில போட்டு ஊட்டினேன் எஸ்தரு. அவன் வேணாம் வேணாம்னான்.”

லேபில் யாரோ கூப்பிட்டார்கள். எஸ்தர் போகவில்லை.

அந்த வாரத்திலிருந்து சத்துமாவு மிஷினில் கோதுமை ஓடவில்லை. இயந்திரத்தைக் கழற்றிக் கல்லைக் கொத்தி, சல்லடையும் துணிக் குழாயும் புதிதாகப் போட்டார்கள். சுவருக்கு வெள்ளையடித்தார் பஞ்சாட்சரம். டப்பாவோடு வந்த பெண்களிடம் தையல்நாயகி, இனி அரிசியும் கேழ்வரகும்தான் என்றாள். சிலர் முகம் சுளித்துக்கொண்டு வேறு மிஷினுக்குப் போனார்கள். கோதுமை கெட்டதா என்று சிலர் கேட்டார்கள். “கெட்டது இல்லம்மா. உங்க புள்ளைக்கு ஒத்துக்கினா தாராளமா குடுங்க. தேறாத புள்ளைக்கு மட்டும் மேல மேல ஊட்டாதீங்க, ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க” என்று எல்லோரிடமும் ஒன்றுபோலச் சொன்னாள். சில பேர் அதைக் கேட்டுக்கொண்டார்கள்.

துர்காவுக்கு மட்டும் அவள் ஊட்டுவதை நிறுத்திவிட்டாள். தட்டில் போட்டு எதிரில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்பாள். சோப்பு போட்டு மூன்று முறை கழுவியும் அந்தக் கையைக் குழந்தை வாய்க்குக் கொண்டுபோக அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வைகாசியில் கருட சேவைக் கூட்டத்தில் ஆட்டோ எதுவும் நகராமல், நடந்தே போய் ரிப்போர்ட் வாங்கிவந்தாள். எண் ஐம்பத்திரண்டு.

“இருபதுக்குக் கீழ வரணும். வந்துடும் அக்கா. இனிமே வந்துடும்” என்றாள் எஸ்தர்.

வீட்டுக்கு வந்து அந்தக் காகிதத்தைப் பழைய காகிதத்தோடு ஒரே உறையில் வைத்தாள். ஒன்றில் பதில் இருந்தது. இன்னொன்றில் என்றைக்கும் இருக்கப்போவதில்லை.

துர்கா தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. ஆறு மாதத்தில் அவ்வளவு வளர்ந்திருந்தாள். “எண்ணு எறங்கிடுச்சின்னு அப்பா சொன்னாரு. இப்ப ஊட்டறியா?”

தையல்நாயகி கையைக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். தயிர் சாதத்தைப் பிசைந்தாள். அப்பாவுக்கு ஒரு வாய் கொடுத்தாள். அம்மாவுக்கு ஒரு வாய் கொடுத்தாள். மூன்றாவது உருண்டையை எடுத்த கை பாதியில் நின்றது. சுவரில் கிண்ணத்தோடும் கஞ்சி மீசையோடும் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

‘அண்ணனுக்கு’ என்ற சொல் வரவில்லை.

துர்கா அம்மாவைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். பிறகு தாயின் மணிக்கட்டைத் தன் சின்னக் கையால் பிடித்து, உருண்டையைத் தன் வாய்க்கு இழுத்துக்கொண்டாள். மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

“அண்ணன் சாப்ட்டுட்டாம்மா.”